திரையில் வந்துபோன கம்பெனி பெயர்கள்

கரண்ட் வந்ததும் முதலில் மூக்குக்கு எட்டுவது டிவி பெட்டி சூடேறும் தூசி வாசனைதான்...

பர்மாவில், தாமுவேயில் எங்கள் வீடியோ கேம் கடை. நாலு டிவி, நாலு மெஷின், மணிக்கணக்கில் வாடகை. 2003 வாக்கில் என்று நினைக்கிறேன். வாப்பா மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு என் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவேன், அவரும் நானும் சேர்ந்து போட்ட கடை. போர்டில் வாப்பா பெயர்: ஹமீது கேம்ஸ்.

பையன்கள் உயிரை விட்டது ஒரு கால்பந்து கேமுக்கு. அதை வெளியிட்ட கம்பெனி ரொம்பச் சின்னது. டிஸ்க் சுழன்றதும் கறுப்புத் திரையில் அதன் பெயர் மட்டும் வரும்.

இரண்டாம் பாகத்தில் ஒரு பெரிய கம்பெனியின் பெயர் முதலில், அப்புறம் இது. விலைக்கு வாங்கிவிட்டார்களாம், பழைய மேகசின் ஒன்றில் படித்தேன். மூன்றாம் பாகத்தில் பெரிய பெயர் மட்டும்தான்.

அந்தச் சமயம் எதிர்க்கடை பர்மியர் தெயின் வந்தார்; அண்ணன் என்பதுபோல 'கோ' சேர்த்து கோ தெயின் என்போம். பத்து மெஷின், சொந்த ஜெனரேட்டர். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. எங்களுக்கும் லபெயே டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு கடையையும் ஒன்றாக்கலாம், போர்டில் இரண்டு பெயரும் இருக்கும் என்றார். நானாவுக்கு வாயெல்லாம் பல்.

எனக்கோ மனசே இல்லை. மத்தியானம் கடை காலியானதும் நானாவை உட்காரவைத்து மூன்று டிஸ்க்கையும் வரிசையாகப் போட்டேன்.

"பட்டனை அமுக்காதீங்க நானா. பேரை மட்டும் பாருங்க."

பார்த்தார்.

"வாப்பா பேரும் இப்படித்தான் போகும்."

நானா மூன்றாவது டிஸ்க் ஓடிய டிவியைக் காட்டினார்.

"அது சரி தம்பி... ஆனா மூணாவதுதானே நல்லா ஓடுது? கரண்ட் இல்லாத கடைல பேரை வச்சிக்கிட்டு என்னடா செய்ய?"

அட, உண்மைதானே.

சேர்த்தோம். முதல் போர்டில் இரண்டு பெயர். இரண்டு மழைக்காலத்தில் பெயின்ட் உரிந்து, புதுசு எழுதியபோது 'தெயின்' மட்டும். கோ தெயின் மறந்துவிட்டார், நானா ஞாபகப்படுத்தவில்லை. எனக்குக் கோபம் நானா மேல்தான். தன்லியினில் ஒரு ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது கேமெல்லாம் போனில். எந்தக் கம்பெனி என்று யார் பார்க்கிறார்கள்? கடையும் போன் கடையாகிவிட்டது; போர்டில் இன்னும் அதே 'தெயின்'. கோ தெயின் மகனோடு வெளிநாட்டில்; நானா மட்டும் கல்லாவில்.

போன வாரம் போயிருந்தேன். நானா வயசு இருக்கும் ஓர் ஆள் வாசலில் நின்று, "கோ தெயின்!" என்று கூப்பிட்டார்.

நானா திருத்துவார் என்று பார்த்தேன்.

"இதோ வரேன்" என்று பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே எழுந்து போனார்.