ஏசி மெக்கானிக்கின் நீர்மூழ்கி

புனே கேம்ப் ஏரியாவில் ஏசி ரிப்பேர் என்றால் மன்சூர்தான். மேலப்பாளையத்திலிருந்து வந்து அங்கே ஊன்றிய குடும்பம். நல்ல மனுஷன், ஆனால் கிறுக்கு. கிறுக்கு இல்லாதவன் கடலே இல்லாத ஊரில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டுவானா? லோஹேகாவ் வீட்டுக்குப் பின்னால் பழைய டீசல் டேங்கை வெட்டி ஒட்டி, ஓர் ஆள் உட்காரும்படி மூன்று வருஷத்தில் முடித்துவிட்டான். அன்றிலிருந்து பொண்டாட்டி ஷஃபானாவுக்குத் தூக்கம் போச்சு.

போன வாரம் கல்குவாரித் தண்ணீரில் இறக்கிப் பார்த்தான். கரையில் ஓடும் கம்ப்ரசர் ரப்பர் குழாய் வழியாக உள்ளே காற்றைத் தள்ளும். கெட்ட காற்று குமிழி குமிழியாக மேலே வரும். மே மாச வெயில். இருபதே நிமிஷத்தில் வெந்துபோய் வெளியே வந்தான். ஊருக்கெல்லாம் குளிர் வைக்கிறவனுக்கு இது மானப்பிரச்சினை இல்லையா?

இந்த வாரம் மறுபடி குவாரிக் கரையில் வந்து நின்றான். "வேணாம் மச்சான், கேளுங்க," என்றாள் ஷஃபானா.

"ஐஸ் பெட்டியும் விசிறியும் வச்சிருக்கேன். ஒன்றரை மணி நேரம் இருந்து காட்டுறேன் பாரு," என்று இறங்கிவிட்டான்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவன் உள்ளிருந்து வெள்ளைக் கயிற்றை இழுக்கணும். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள். ஆறு தரம் ஒழுங்காக இழுத்தான். ஏழாவது தரம் இழுத்தானா இல்லையா என்றே தெரியவில்லை. எட்டாவது வரவே இல்லை.

அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தாள். கம்ப்ரசர் பாட்டுக்கு ஓடுகிறது, குமிழியைக் காணோம். குழாயைத் தடவிக்கொண்டே தண்ணீர் வரை போனாள். குழாய் மடங்கவில்லை, கிழியவில்லை. பாவி மனுஷன், உள்ளேயிருந்து அவனேதான் அடைத்திருக்கிறான். இருபது வருஷமாகப் போகிற வீட்டிலெல்லாம் கதவைச் சாத்து, ஜன்னலைச் சாத்து, கூலிங் போயிடும் என்று சொல்லிப் பழகினவன். வெக்கையான காற்று உள்ளே வருதே என்று குழாயை மூடிவிட்டு, ஜில்லென்று உட்கார்ந்திருக்கிறான். மூச்சுக்கு எங்கே போவான்?

கரையில் சிவப்புக் கயிறும் ஒன்று இருந்தது. அதை இழுத்தால் அடியில் மாட்டிய இரும்புக் கட்டி கழன்று கப்பல் மிதந்துவிடும். தண்ணீர் உள்ளே புகுந்தால் தவிர அதைத் தொடாதே, கட்டி போனால் போனதுதான் என்று நூறு தடவை சொல்லியிருந்தான். கட்டியாவது மண்ணாவது. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. "யா அல்லாஹ், எம்புருஷனக் குடுத்துரு," என்று பாறையில் காலை முட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தாள்.

கப்பல் சாய்ந்தபடி மேலே வந்தது. கரைக்கு இழுத்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று மூடியைத் திருகித் திறந்தாள். ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. அவன் தலை தொங்கிக் கிடந்தது. கன்னத்தைத் தொட்டாள், சில்லிட்டிருந்தது. கையும் அப்படித்தான். போய்விட்டான் என்றே நினைத்தாள்.

வெயில் காற்று உள்ளே போகப் போக அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. இருமினான். மெதுவாகக் கண்ணைத் திறந்து, நாக்குக் குழற, "எவ்வளவு நேரம் இருந்தேன், புள்ள?" என்றான்.

ஷஃபானா பளாரென்று ஓர் அறை விட்டாள். பிறகு அதே கையால் அந்தக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அது சூடாகும்வரை விடவில்லை.