மழையில் வராத வேன்

போன வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். மம்சாபுரத்தில் எங்கள் தெருமுனையில், ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வேனுக்காக நின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதில்தான் வருவாள். வேன் வரவில்லை. டிரைவருக்கு போன் போகவில்லை. பள்ளியில் கேட்டால், அப்போதே கிளம்பிவிட்டது என்றார்கள்.

இருட்டுவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்துவிட்டது. லாரிக்குள் குழந்தைகள் கதறுகிறார்கள். கீழே, 'ராஜபாளையம் பள்ளிக் குழந்தைகள் கடத்தல்'. அந்தப் பிள்ளைகள் பேசியது தமிழே இல்லை, சீருடையும் வேறு. அது தெரிந்தும் ஒவ்வொரு முகமாக என் மகளைத் தேடினேன்.

எதிர்க்கடை டிவியிலும் அதே வீடியோ ஓட ஆரம்பித்தது. மைக்கோடு ஒருவர் வந்து, "பிள்ளைய கடைசியா எப்பம்மா பார்த்தீங்க?" என்றார். 'கடைசியா' என்ற சொல்லைக் கேட்டதும் மைக்கைக் கையால் தள்ளிவிட்டேன்.

கூட்டம் கூடிவிட்டது. சிலர் டிரைவர் வீட்டை அடித்து நொறுக்கக் கம்போடு கிளம்பினார்கள். குறுக்கே வந்து நின்றவர் ஒரு பெண் எஸ்.ஐ. மட்டும்தான்.

"கடத்தல்னு ஒரு தகவலும் இல்ல. ஜீப்பு தேடிக்கிட்டு இருக்கு. டிரைவரு வீட்லயும் பொம்பள பிள்ளைக இருக்காக. ஒருத்தரும் போகக் கூடாது."

"ஒங்க பிள்ளையா இருந்தா இப்படி நிப்பீகளா?" என்று ஒருவர் கத்தினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த எஸ்.ஐ., முகத்தில் மழை வழிய, வாக்கி டாக்கியைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நகராமல் நின்றார்.

கடைசியில் அதில் குரல் வந்தது. ஓடையில் தண்ணீர் ஏறியதால் டிரைவர் வண்டியைத் திருப்பி, ஒரு தென்னந்தோப்பு வீட்டில் பிள்ளைகளைப் பத்திரமாக உட்கார வைத்திருந்தாராம். அங்கே சிக்னல் இல்லை.

சுற்றுவழியாக ஜீப்புக்குப் பின்னால் வேன் வந்தது. என் மகள் கையில் பிஸ்கட்டோடு இறங்கினாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அடுத்து, வேறு ஊரில் ஏறுகிற ஒரு சின்னப் பெண் குதித்து இறங்கினாள். "அம்மா!" என்று ஓடிப்போய் அந்த எஸ்.ஐ.யின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அதுவரை நின்றவர் அப்படியே ஈர ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். கத்தினவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையிலும் டிவியில் 'கடத்தலா?' என்று கேள்விக்குறி போட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இப்போதும் வேன் கொஞ்சம் தாமதித்தால் எனக்கு அந்தப் பயம் திரும்பிவிடும். அந்த நேரத்தில் நான் போனைப் பார்ப்பதில்லை, அன்று எனக்கிருந்த அதே பயத்தை வெளியே காட்டாமல், இன்னொருவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக மழையில் நின்ற அந்தத் தாயைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.