தனபால் படத்தில் சொன்ன காரணம்

தனபால் இறந்த செய்தியை என் கணவர் கலியமூர்த்திதான் கொண்டுவந்தார். வேலைக்குப் போனவர் முற்பகலிலேயே திரும்பி, சைக்கிளை விட்டு இறங்காமலே, "தனபாலு போயிட்டாராம். கெளம்பு சகுந்தலா, மாலை வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார். எனக்குக் கண்ணீர் வந்தது. அது தனபாலுக்காகவா, அந்த மாலைக்காகவா என்று தெரியவில்லை.

நீலக்கரை மெல்லிசைக் குழுவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தனபாலைத் தெரியும். எழுபதுகளில் காரைக்காலில் அவர் தொடங்கிய குழு அது. கித்தார் அவர், பெண் குரல் நான். கும்பகோணம் வரை எங்களுக்குக் கூட்டம் கூடியது. ஒருமுறை காரைக்கால்மேட்டில் மாலைக் கச்சேரி நடக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் கையைப் பிசைந்தார்கள். தனபால் மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்து, "மைக்கு போனாப் போவுது. எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க" என்றார். மீதிப் பாட்டுகளைக் கடலிரைச்சலுக்கு நடுவே பாடினேன். பின்வரிசையில் இருந்தவர்கள்கூட எழுந்து போகவில்லை.

அந்தக் கச்சேரிகளுக்கெல்லாம் என் கணவர் வருவார். மகள் பிறந்த பிறகு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பார்.

பிறகு தஞ்சாவூரில் பெரிய மேடை ஒன்று கிடைத்தது. சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில் என் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர். தனபாலிடம் போய்க் கேட்டேன். "பெரிய எடம்ங்க. புதுக் குரல் கேக்குறாங்க. இந்த ஒரு தடவதான்" என்றார். அதற்குப் பின் அவர் என்னை அழைக்கவே இல்லை. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

எண்பதுகளில் நீலக்கரையின் கதையை ஆவணப்படமாக எடுக்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தருமபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்து அரை நாள் என்னைப் பேசவைத்துப் படம் பிடித்தார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பள்ளிக்கூட மண்டபத்தில் படம் திரையிடப்பட்டபோது நானும் கணவரும் முன்வரிசையில் இருந்தோம். நான் பேசிய ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. என் பழைய புகைப்படம் வந்தது, அதன்மேல் தனபாலின் குரல்: "கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரரு விடல. எங்களுக்கும் வருத்தந்தான்."

மண்டபம் முழுவதும் என் கணவரைப் பார்த்தது. அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுநாள் அவருடன் வேலை செய்பவர் ஒருவர், "நல்லாப் பாடுன பொண்ண வீட்ல பூட்டிட்டீங்களே" என்றாராம். கணவர் அதை வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் நேரே தனபால் வீட்டுக்குப் போனேன்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"காரணம் கேட்டாங்க. நான்தான் நிறுத்துனேன்னு சொன்னா ஊரு என்னை என்னங்க நெனைக்கும்?"

"அவர என்ன நெனைக்கும்?"

"கலியமூர்த்தி நல்ல மனுசன். தாங்கிக்குவாரு" என்றார்.

அதன் பிறகு அந்த வாசலை நான் மிதிக்கவில்லை, சென்ற வாரம்வரை.

உடலருகே குழுவின் பழைய ஆட்கள் இரண்டு வரி பாடச் சொன்னார்கள். நான் தயங்கினேன். "பாடு" என்றார் கணவர். பாடினேன். முடித்ததும் பக்கத்திலிருந்த அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்து, "இப்பவாச்சும் வீட்டுக்காரரு விட்டாரே" என்றார்.

துக்க வீட்டில் அவருக்கு என்ன பதில் சொல்வது? தனபாலை அறிந்த உங்களுக்கு இங்கே சொல்கிறேன்: என் கணவர் என்னை ஒருநாளும் தடுத்ததில்லை. நிறுத்தியவர் தனபால்.

நான் கருவுற்றிருந்த மாதங்களில், பல்லவி முடிந்ததும் எனக்கு மூச்சு வாங்கும். யாரும் சொல்லாமலே தனபால் கித்தாரை இன்னொரு சுற்று வாசித்து, நான் நிமிர்ந்து பார்த்த பிறகே சரணத்துக்கு வருவார். கேட்டவர்கள் பாட்டே அப்படித்தான் என்று நினைத்தார்கள். அவரிடமிருந்து அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அவர் சொன்ன பொய்யை அவரோடு அனுப்பிவிட நினைத்தேன்; அது போகவில்லை.