திறக்காத போத்தலுக்குப் பற்றுச்சீட்டு

எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் ஒரு டொக்டரிடம் பில் எழுதும் வேலை எனக்கு. வைத்தியச் செலவை அரசாங்கமே கட்டத் தொடங்கியிருந்த காலம். அரசாங்கத்திடம் காசு கேட்க ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பில்லில் ஒரு இலக்கம் எழுதவேண்டும்: காதில் அழுக்கு எடுக்க ஒரு இலக்கம், விரலில் தையல் போட ஒரு இலக்கம். 'எவ்வளவு குடிக்கிறாய்?' என்று கேட்டுவிட்டு, வருகிற பதிலை முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பதற்கு மட்டும் இலக்கம் கிடையாது. எங்கள் டொக்டருக்கோ அதுதான் பிடித்த வேலை. சளிக்கு வந்தவனையும் விடமாட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு 'நீண்ட ஆலோசனை' என்று எழுதி அனுப்புவேன்.

அப்படி நீண்டவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கணக்காளர். முதல்நாள் மனைவிதான் கூட்டிவந்தார். அவர் உள்ளே போனதும் மனைவி என்னிடம், "பெட்டி அடுக்கி வச்சிருக்கிறன், தங்கச்சி. இன்னொருக்கால் குடிச்சாரெண்டால் பிள்ளையையும் கொண்டு மெல்பேணில என்ர அண்ணையிட்டப் போயிடுவன்" என்றார். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு அவர் தனியாகவே வந்தார். பில்லில் கையெழுத்து மட்டும் போதும், காசு வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். "சும்மா வாங்கிக்கொண்டு போக வெக்கமாக் கிடக்கு" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பழுப்புக் கடதாசிப் பை ஒன்றை என் மேசையில் வைத்தார். "டொக்டருக்கு." உள்ளே முழுப் போத்தல் விஸ்கி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கென்ன விசரே, அண்ணை? குடியை நிப்பாட்டச் சொல்லுற மனிசனுக்கே போத்தலோ?"

"ஊரில டொக்டர்மாருக்கு இதைத்தானே குடுக்கிறனாங்கள்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "வீட்டில இருந்தது. இண்டைக்குக் குடுக்காட்டில் இரவைக்குத் திறந்திடுவன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. டொக்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கைகொடுத்து நன்றி சொன்னார்.

ஆள் போகவில்லை. "மனிசி காலமை போத்தலைக் கண்டிட்டா. பின்னேரம் காணேல்லையெண்டால் குடிச்சிட்டன் எண்டுதான் நினைப்பா. ஒரு துண்டு எழுதித் தாங்கோ."

எழுதினேன். 'விஸ்கி, ஒரு போத்தல். நிறைந்திருந்தது. மூடி உடைக்கப்படவில்லை. பெற்றுக்கொண்டோம்.' டொக்டர் கையெழுத்துப் போட்டார். கேட்காமலே நான் முத்திரையும் குத்திக் கொடுத்தேன். பிறகு டொக்டர் சொன்னபடி போத்தலைக் கிளினிக்கின் குசினித் தொட்டியில் ஊற்றினேன். அன்று பிற்பகல் வந்தவர்கள் எல்லோரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, டொக்டரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

திங்கட்கிழமை மனைவி போன் எடுத்தார்.

"அந்தத் துண்டு நீங்கள் எழுதினதோ?"

"ஓம், அக்கா."

"மூடி உண்மையிலேயே உடைக்கேல்லையோ?"

"இல்லை. நான்தான் உடைச்சு ஊத்தினனான்."

அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் பேசியபோது அதே பஸ் நேரக் குரல்தான்.

"அப்ப பெட்டியில இருந்து பிள்ளையின்ர உடுப்பை எடுத்து அலுமாரியில வைக்கிறன். என்ர உடுப்பு இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்."