சொந்தக் கடையில் உதவியாளர் விசா

1998 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு இராமநாதபுரத்தில் நானும் என் கணவரும் கீழக்கரை பஸ் ஏறினோம். பதினேழு கிலோமீட்டர் தூரம், ஆளுக்கு ஐந்து ரூபாய். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்த எனக்குக் கீழக்கரை அதுதான் முதல் தடவை.

என் கணவர் செல்லத்துரை ஷார்ஜாவில் தையல் கடை வைத்திருந்தார். போட்ட முதலும் உழைப்பும் அவருடையவை. அந்த நாட்டு வழக்கப்படி லைசென்ஸ் மட்டும் ஓர் அரபியின் பேரில் இருந்தது. விசாவில் என் கணவருக்கு 'உதவியாளர்' வேலை. அந்த விசாவில் இருப்பவர் மனைவி, பிள்ளையை அழைத்துக்கொள்ள முடியாது. லைசென்சில் பங்குதாரராகப் பேர் ஏறினால் முடியும். அதற்குச் சம்மதிக்க வேண்டிய அரபி, பக்கத்துக் கடைக்காரர் ஹமீது காக்காவின் மகள் கல்யாணத்துக்காகக் கீழக்கரைக்கே வந்திருந்தார்.

திருப்புல்லாணி தாண்டியதும் காற்றில் உப்பு ஏறியது. என் கணவருக்கு ஒரே கவலை. பழைய விசாவை ரத்து செய்த பிறகுதான் புதியது போடுவார்களாம். இடையில் அரபி மனம் மாறினால் கடையும் இல்லை, வேலையும் இல்லை.

ஹமீது காக்கா (அண்ணனை அந்த ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள்) வீடு கடற்கரைக்குப் போகும் சந்தில். கல்யாணம் முந்தின நாளே முடிந்திருந்தது. என்னை உள்ளே அழைத்துப் போய் அவர் மனைவி தொதல் வைத்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய அல்வா மாதிரி; அதற்காகவே ஒருமுறை கீழக்கரை போகலாம். முன்கூடத்தில் ஆண்கள் பேச்சு நீண்டுகொண்டே போனது. பிறகு காக்கா என்னைக் கதவருகே கூப்பிட்டார்.

"தங்கச்சி, பேரு ஏறுனா செல்லத்துரை கடைய வித்துட்டுப் போயிருவாரோன்னு அரபி பயப்படுறாரு. நீங்க என்ன சொல்றீக?"

அரபி வயதான மனிதர், வெள்ளை அங்கி. என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி காத்திருந்தார். என் கணவரும் தரையைத்தான் பார்த்தார்.

"தனியா இருக்கிற ஆளுதான் ஒரு பெட்டியத் தூக்கிட்டுப் போவாக," என்றேன். "பொண்டாட்டி பிள்ளையக் கூட்டி வந்து, பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டா அங்கன நிலைச்சுத்தானே நிக்கணும்? பயம் எங்களுக்குத்தான் இருக்கணும். பழைய விசாவ ரத்து பண்ணிட்டு இவுகள அந்தரத்துல விட்றக் கூடாது."

கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. காக்கா ஒன்றும் விடாமல் அரபியில் சொன்னார். பெரியவர் சிரித்துத் தலையாட்டினார். கடையின் பேரில் வாங்கும் கடன் எதுவும் தன் தலையில் விழக் கூடாது என்று மட்டும் கேட்டார். "அதுக்கு நா ஜாமீன்," என்றார் காக்கா. மதியம் நெய்ச்சோறு போட்டார்கள். என் கணவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதாகக் கேள்வி.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் ஊரில் ஒருவர் வெளிநாடு கிளம்பினால் தெருவே கூடி அழும். கீழக்கரையிலோ, நாளைக்குத் துபாய் போகிறவர் இன்றைக்கு நிதானமாக மீன் விலை பேசிக்கொண்டிருக்கிறார். அந்த நிதானம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது போலிருந்தது.

ஒவ்வொரு தடவை ஷார்ஜா கிளம்பும்போதும், "அடுத்தவாட்டி என்ன வாங்கிட்டு வர?" என்று என் கணவர் கேட்பது வழக்கம். அன்று பஸ்ஸில் வேறு மாதிரி கேட்டார்.

"நீ அங்கன என்னத்தையெல்லாம் எடுத்துட்டு வருவ?"

"அம்மிக்கல்லு," என்றேன்.

தை மாதம் எனக்கும் பிள்ளைக்கும் விசா வந்தது. அம்மிக்கல் விமானத்துக்கு ஆகாது என்று குழவியை மட்டும் எடுத்துப் போனேன்.