ஆடியில் இல்லாத கடற்கரை

பெரியப்பாவுக்கு நான் எழுதிய கடிதம் ஒன்று இப்போது என்னிடமே இருக்கிறது. கனடாவுக்குப் போகுமுன் யாழ்ப்பாண வீட்டை ஒதுக்கிய பெரியம்மா அதை எடுத்துத் தந்தார். வலது மூலையில் 'தை 2' என்றிருக்கிறது, ஆண்டு இல்லை. "எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய கடற்கரை இருக்கிறது. கீரிமலையில் கல். இங்கே முழுக்க மணல். நீங்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன்" என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து என்பதால் ஆண்டைக் கணக்கிட்டுவிடலாம். நான் எழுதியதெல்லாம் உண்மை. அதே ஆண்டு ஆடி மாதத்தில் அதை நம்புவதற்குத்தான் ஆளில்லாமல் போயிற்று.

அதற்கு முந்திய மார்கழியில் அப்பாவுக்கு வேலையில் இடமாற்றம் கிடைத்து, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி வீடொன்றுக்கு வாடகைக்கு வந்திருந்தோம். ஒழுங்கை முடிகிற இடத்தில் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் இரண்டு தண்டவாளங்கள், அதற்கப்பால் கடல். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே உயரமான மாடிக் கட்டடம் ஒன்று நின்றதால் கடல் தெரியாது. இரைச்சல் மட்டும் வரும். தையிலும் மாசியிலும் பின்னேரங்களில் போய் மணலில் விளையாடினோம். சித்திரை முடிய மழை தொடங்கியது. எனக்குப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியது. தண்டவாளம் கடக்கக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டார். வைகாசியிலிருந்து இரைச்சல் கூடிக்கொண்டு வந்தது எல்லோருக்கும் கேட்டது. என்னவென்று போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் பெரியப்பாவுக்குக் கொழும்பில் விசா நேர்முகம் இருந்தது. தகப்பனை இழந்த ஆண்கள் ஆடி அமாவாசையில் விரதமிருந்து, கடலில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்த பிறகுதான் வாயில் ஏதும் வைப்பார்கள். தன் தகப்பன் காலமான ஆண்டிலிருந்து பெரியப்பா யாழ்ப்பாணத்து வடகரையான கீரிமலையில் முழுக்கைத் தவறவிட்டதில்லை. சண்டைக் காலத்தில் அங்கே போக விடாதபோதுகூட வேறு கரையைத் தேடிப்போய் முழுகியவர். இந்த முறையும் காலையில் கீரிமலையில் முழுகிவிட்டு இரவு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் நித்திரையில்லாத கண்ணோடு வெள்ளைக்காரன் முன்னால் போய் நிற்க அவருக்குப் பயம். அப்போதுதான் என் கடிதம் நினைவுக்கு வந்திருக்கிறது. "பிள்ளை எழுதியிருக்கிறாளே, முழுக்க மணல் எண்டு. அங்கயே முழுகலாம்" என்று முதல்நாளே வந்து இறங்கிவிட்டார்.

இதை வேண்டாமென்று சொன்னவர் ஒரே ஒருவர், கொழும்பிலேயே கிருலப்பனையில் நெடுங்காலமாக இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி. "அத்தான், ஆடியில அங்க மணல் இல்லை. லீவில போயிடும். மார்கழியிலதான் திரும்பி வரும்" என்றார் தொலைபேசியில். அப்பா சிரித்துவிட்டு வைத்தார். மாமாவின் சரித்திரம் அப்படி. நாங்கள் வந்த புதிதில், கொழும்பில் எதையும் பாதி விலைக்குத்தான் கேட்கவேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுக்க, அப்பா தபாற்கந்தோரில் முத்திரைக்குப் பேரம் பேசி, வரிசையில் நின்றவர்களிடம் ஏச்சு வாங்கியவர். மாமா அபூர்வமாக உண்மை பேசினாலும் அது முத்திரைக் கணக்கிலேயே சேர்ந்தது.

அமாவாசை காலையில் அம்மா மார்க்கெட்டில் தேடி வாங்கிய காத்தோட்டங்காயைப் பொரித்துக்கொண்டிருந்தார். அந்த நாளுக்கென்றே உள்ள கசப்புக் காய் அது. பெரியப்பா வேட்டி உடுத்து, தோளில் துவாயும் கையில் கடதாசியில் மடித்த எள்ளுச் சரையுமாக வெளிக்கிட்டார். அப்பா பின்னால் போனார். பெண்பிள்ளைகள் போகிற காரியமில்லை. ஆனாலும் கடற்கரையைக் காட்டுவதாக எழுதியவள் நான்தான் என்று பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். புத்தகத்தை மூட ஒரு காரணம் கிடைத்த சந்தோஷத்தில் நான் முன்னால் நடந்தேன். வேடிக்கை பார்ப்பதற்கென்றே மாமாவும் மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்திருந்தார்.

தண்டவாளத்துக்கு அப்பால் கடற்கரை இல்லை.

கரைக்குப் போட்டிருந்த பெரிய கருங்கற்கள் மட்டும் இருந்தன. தை மாதத்தில் அந்தக் கற்களுக்குக் கீழே இறங்கி, மணலில் ஓடி, பிறகுதான் தண்ணீரைத் தொடுவோம். இப்போது கல்லோடு கடல் முட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வோர் அலையும் கல்லில் அடித்து, பனை உயரத்துக்கு எழும்பி விழுந்தது.

"பிள்ளை, எங்கை உன்ர கடற்கரை?" என்றார் பெரியப்பா.

"இஞ்சதான் பெரியப்பா இருந்தது."

"இருந்ததை ஆர் தூக்கிக்கொண்டு போனது?"

"நான்தான் சொன்னனே அண்ணை, லீவு" என்றார் மாமா.

"நீ சும்மா இரு. பகிடிக்கு நேரமில்லை."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கும் முன்னால் வந்தது வேறொன்று. அத்தனை மணலும் எங்கே போயிருக்கும்? மாமாவின் சேர்ட்டைப் பிடித்து இழுத்து இரகசியமாகக் கேட்டேன். "கொஞ்சம் தள்ளி, தண்ணிக்கு அடியில படுத்திருக்குது" என்றார். அதையும் நான் நம்பவில்லை.

பெரியப்பா கல்லில் இறங்கப் பார்த்தார். தூரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சிங்களப் பெடியன் ஒருவன், "எபா, அய்யே, எபா!" என்று, வேண்டாமெனக் கையை வீசித் தடுத்தான். அப்பா துவாயைப் பிடித்து இழுத்தார். "அண்ணை, முகத்துவாரத்துக்குப் போவம். அங்க எல்லாரும் முழுகுவினம்." "இந்தச் சனத்துக்குள்ள எப்ப போய், எப்ப வாறது? எனக்குத் தலை சுத்துது தம்பி" என்றார் பெரியப்பா. முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சீனி வருத்தக்காரர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவார்.

கீரிமலையில் ஆடிக்கடல் குளம் மாதிரி இருக்கும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அங்கே தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கொழும்பில் அதே காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு வருகிறது. வடக்கிலிருந்து வந்தவர்கள் ஆடி என்றால் அமைதியான கடல் என்று மனதில் எழுதிவைத்திருந்தார்கள். இதை நான் வாசித்துத் தெரிந்துகொண்டது பல ஆண்டுகளுக்குப் பிறகு.

அவர்கள் வாக்குவாதப்பட்டுக்கொண்டு நிற்கும்போதே முதல் அலை வந்தது. கல்லைத் தாண்டி, கடல்பக்கத்துத் தண்டவாளத்தில் விழுந்து, பெரியப்பாவைத் தலையோடு நனைத்தது. எள்ளுச் சரையை மட்டும் எப்படியோ உயர்த்திப் பிடித்திருந்தார்.

பெரியப்பா முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ஒண்டு."

"என்ன ஒண்டு?"

"ஒரு முழுக்கு. இன்னும் ரெண்டு வேணும்."

அப்பா கெஞ்சினார். பெரியப்பா அசையவில்லை, கைகூப்பி, கண்மூடி அங்கேயே நின்றார். இரண்டாவதும் வந்தது. "ரெண்டு" என்றார், உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு. மூன்றாவதற்குக் காத்திருக்கும்போது பாணந்துறைப் பக்கத்திலிருந்து ரயில் கூவியது.

"அண்ணை, கோச்சி!" அப்பா ஒரு கையையும் மாமா மறு கையையும் பிடித்து, அவரைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு நான் நின்ற வீதிப்பக்கத்துக்கு ஓடிவந்தார்கள். ரயில் எங்களுக்கும் கடலுக்கும் நடுவே புகுந்தது. மூன்றாவது அலை அதற்குத்தான் விழுந்தது. கதவில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் கூக்குரலிட்டார்கள். பெட்டியின் கூரைக்கு மேலால் தூறல்போலக் கொஞ்சம் எங்கள் பக்கமும் தெறித்தது.

பெரியப்பா உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார். "பட்டுது. மூண்டு."

"அண்ணை, அது கோச்சி குளிச்ச தண்ணி" என்றார் மாமா.

"போடா. கங்கையில மற்றவன் குளிச்ச தண்ணியிலதானே நீயும் குளிக்கிறாய்?"

தண்டவாளக் கற்களுக்கிடையில் தேங்கியிருந்த கடல்நீரைக் கையால் அள்ளி, எள்ளிட்டு, மூன்று முறை இறைத்தார். அப்பாவும் பக்கத்தில் குந்தி இறைத்தார். இருவருமே அழுதார்களா, கடல்நீரா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் காத்தோட்டங்காய்ப் பொரியலோடு பெரியப்பா இரண்டுதரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். பிறகு எல்லோரும் கேட்கச் சொன்னார்: "பிள்ளை பொய் எழுதேல்லை. கடற்கரை இல்லாட்டி என்ன, கடல் வந்ததுதானே. நான் இறங்க ஏலாமல் நிக்கிறன் எண்டு மேல இருக்கிற எங்கட ஐயாதான் அனுப்பினவர்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. கீரிமலைக் கடல்கூட அவருக்காகப் படியேறி வந்ததில்லையே!

மாமா மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தவர், "அத்தான், இந்த வீட்டு எக்ரிமென்ட் எப்ப முடியுது?" என்று கேட்டார். பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன்.

மார்கழியில் மணல் திரும்பி வந்தது. மாமா சொன்னது அச்சொட்டான உண்மை. சோளகக் காலத்துச் செங்குத்தான அலைகள் மணலை இழுத்துக்கொண்டுபோய்க் கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் குவிக்கின்றன. காற்று மாறியதும் மெல்லிய அலைகள் அதைத் திருப்பிக் கொண்டுவருகின்றன. இது ஆதியிலிருந்து நடக்கிற போக்குவரத்து. போவது அத்தனையும் திரும்புகிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி. மணலைக் கொண்டுவரும் ஆறுகளிலேயே நாங்கள் வீடு கட்ட மணல் அள்ளுகிறோம். கடல்மட்டமும் ஏறுகிறது. கடல் ஏறினால் கடற்கரை தானாகவே பின்னுக்கு நகர்ந்து, தரைப்பக்கம் புதிதாகப் படுத்துக்கொள்ளும். வெள்ளவத்தையில் அதற்குப் பின்னுக்கு இருப்பது கல், தண்டவாளம், வீதி, எங்கள் மாடிகள்.

பெரியப்பாவுக்கு விசா கிடைத்தது. சாகும்வரை கனடாவில் அந்த மூன்று முழுக்கின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அன்று வந்த அலையைப் பற்றி இரண்டு சாட்சியங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். தான் கொழும்பில் இருந்த அத்தனை காலத்திலும் தண்டவாளத்துக்கு ஏறிய அலையை அதற்கு முன் கண்டதில்லை என்கிறார் மாமா. ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்ற எங்கள் கீழ்மாடிக்காரரோ, பலத்த சோளகத்தில் அது எந்தக் காலத்திலும் ஏறுவதுதான் என்றார். மாமா பகிடிக்காரர்; மற்றவருக்கு அப்போதே மறதி. பெரியப்பாவைத் தேடி வந்தது எப்போதும் வருகிற அலையா, முதன்முதலாக வந்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.