வீடியோவில் கேட்ட என் குரல்

எண்பதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். மாணவிகளின் கூச்சம் போகட்டும் என்று, கல்யாண வீடியோ எடுப்பவரை வரவழைத்து, வீட்டுத் தொழிலைப் பற்றி அவர்களை ஆங்கிலத்தில் பேசவைத்தேன்.

மறுநாள் வகுப்பில் போட்டுப் பார்த்தோம். திரையில் பட்டு நெசவாளர் மகள் செல்வி சிரித்தபடி தொடங்கினாள். உடனே என் குரல் கேட்டது: "தப்பு! மறுபடி சொல்லு!" அவள் முகம் சுருங்கியது. மூன்று முறை அப்படிக் குறுக்கிட்டிருந்தேன். நான்காவது முறை அவள் வாயே திறக்கவில்லை.

எனக்குக் கூசியது. வகுப்பில் இருந்த செல்வியிடம், "இப்போ பேசறியாம்மா?" என்றேன்.

"நீங்க திருத்திகினே இருந்தா பயமா இருக்கு டீச்சர். சும்மா இருந்தீங்கன்னா பேசிடுவேன்."

சும்மா நின்றேன். தப்பும் தவறுமாக, ஆனால் நிறுத்தாமல் பேசினாள். அதுவரை எத்தனை பேரின் வாயை அடைத்திருப்பேனோ என்று இன்றும் மனம் உறுத்துகிறது.